தோமையாரும் சரித்திரமும்

ஈசூன் என்னும் பெயர், ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுச் செல்வம் ஈட்டிய லிம் நீ சூன் என்பாரின் பெயரினின்றும் பிறந்தது. அவர் 1879இல் பிறந்து 1936இல் மறைந்தார். ஐயுறுவார்க்குப் பத்திரங்கள் சாட்சி சொல்லும். ஆனால், அப்போஸ்தலராகிய தோமையார் தமிழகம் போந்து மயிலையில் இரத்தம் சிந்தினார் என்று கிறிஸ்தவத் தமிழர் வழிவழியாகப் போற்றிவரும் செய்திக்குச் சாட்சி யாது?

3ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ‘தோமையார் நடபடிகள்’ என்னும் நூல், அவர் கொந்தபரேஸ் என்னும் இந்திய அரசனிடம் வந்தார் எனக் கூறும். 19ஆம் நூற்றாண்டில் அவ்வரசனுடைய நாணயங்கள் காபூல், பஞ்சாப் பகுதிகளில் கிடைத்தன. எனவே அரசன் கற்பனை அல்லன். ஆயினும் அவன் ஆண்டது வடமேற்கு எல்லை, மயிலை அன்று. பரங்கிமலையில் 1547இல் கிடைத்த சிலுவையிலுள்ள எழுத்து பாரசீகப் பகலவி. அது தோமையார்க்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது என்பர் அறிஞர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அவர் கல்லறையைக் குறித்து எழுதினார். அதுவும் ஆயிரம் ஆண்டு கடந்த சாட்சியே. ஆகவே அவர் வந்தார் என்று சரித்திரம் உறுதி கூறவில்லை. வந்திலர் என்றும் கூறவில்லை.

இவ்விடத்துச் சிலர் எளிய வழியொன்று காண்கின்றனர். பிரெஞ்சுப் பேராசிரியர் லியோதார் 1979இல், பெருங்கதைகளின்மீது ஐயங்கொள்வதே பின்நவீன காலத்தின் இயல்பு என்றார். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, “ஒவ்வொரு சமூகத்தின் கதையும் அச்சமூகத்திற்கு மெய், ஆராய்ச்சி எதற்கு?” என்கின்றனர்.

அன்பர்களே! இது கேட்க இனிது, விளைவோ கொடிது. 19ஆம் நூற்றாண்டில் வடக்கன்குளம் மாதா கோயிலில் வேளாளரையும் நாடாரையும் பிரிக்கச் சுவர் எழுப்பினர். மேன்மை பாராட்டியவர்களிடமும் ஒரு கதை இருந்தது. எல்லாக் கதையும் மெய்யெனில், அச்சுவரை இடிக்கச் சொல்ல நமக்கு வாயேது?

மேலும், கிறிஸ்து மார்க்கம் காலத்தைக் கடந்த தத்துவம் மட்டும் அன்று. அதன் விசுவாசப் பிரமாணத்திலேயே பொந்தியு பிலாத்து என்னும் ரோமானிய அதிகாரியின் பெயர் நிற்கின்றது. அப்பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் அகப்பட்டது. காலத்தையும் ஆளையும் சுட்டிப் பேசும் மார்க்கம் சரித்திரத்தின் கேள்விக்கு விலகி ஓடலாகாது. ஆனால் அக்கல் பிலாத்து இருந்தான் என்பதற்கு மட்டுமே சான்று. சிலுவையில் மாண்டவர் உலக இரட்சகர் என்று எந்தக் கல்லும் சொல்லாது. அது விசுவாசிக்கின்றவர் தம் வாழ்வினாலே மெய்ப்பிக்க வேண்டியது.

காயங்களைக் காணாது நம்பேன் என்றவர் தோமையாரே. அவரை யோவான் சுவிசேஷம் புறந்தள்ளவில்லை, காயங்களைக் காட்டுவித்தது. அவர் பெயரைப் போற்றுவோர், அவர் வருகைக்குச் சான்று கேட்பவரைப் பகைத்தல் முறையோ?