எந்த முனையை வெட்டுவது: சேஷாசல மூங்கிலை முன்வைத்து அம்புத்தண்டின் நீளமும் விறைப்பும்

திருக்காளத்தியில் ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்தின் முதல் கொடி கண்ணப்பர் மலையில்தான் ஏறுகிறது. சிவபெருமானுக்குரிய கொடியேற்றம் அதற்குப் பிறகுதான். பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன், அதாவது கண்ணப்பர், வில்வித்தை பயின்றதையும், பின்னர் அம்பினாலேயே தன் கண்ணை அகழ்ந்து எடுத்ததையும் சேக்கிழார் பாடியிருக்கிறார். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் இந்தக் காளத்தி நிலத்தின் வேட்டைக் கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வில்லோடும் இரும்பு முனையோடும் நின்றுவிடுகிறது. அம்பு நேராகப் போவதும் கோணிப் போவதும் பெரிதும் தண்டைப் பொறுத்தது. அதைப் பேசாமல் வேட்டுவத் தொழில்நுட்பத்தைப் பேச முடியாது.

தண்டைக் குட்டையாக்கினால் விறைப்புக் கூடும் என்பது வில்லாளர் அறிந்ததே. ஓர் அங்குலம் வெட்டினால் ஐந்து பவுண்டு கூடும் என்று ஒரு கணக்கும் புழக்கத்தில் உண்டு. கடைசல் இயந்திரத்தில் ஒரே பருமனாகக் கடைந்த மேலைநாட்டுத் தேவதாரு வகைத் தண்டுகளிலிருந்து பிறந்த கணக்கு அது. அடி பருத்து நுனி சிறுத்த மூங்கில் தண்டுக்கு அதை அப்படியே பொருத்துவது பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில், விறைப்பு என்ற பெயரில் இரண்டு அளவுகள் கலந்துவிடுகின்றன. ஒன்று அளவுமேடையில் கிடைப்பது. 26 அங்குல இடைவெளியில் நிறுத்திய இரு தாங்கிகளின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பார்கள். 26-ஐ அந்தத் தாழ்வால் வகுத்தால் பவுண்டுக் கணக்கு வரும், 0.52 அங்குலம் தாழும் தண்டு 50 பவுண்டு வில்லுக்கு ஏற்றது. தாங்கிகளின் இடைவெளி மாறாததால், சீரான தண்டை 32 அங்குலத்திலிருந்து 28 ஆக வெட்டினாலும் இங்கே அதே அளவுதான் காட்டும்.

மற்றொன்று, நாணிலிருந்து விடுபடும் கணத்தில் வெளிப்படுவது. நாண் பின்னாலிருந்து தள்ள, கனமான இரும்பு முனை முன்னால் நகர மறுக்க, நடுவில் அகப்பட்ட தண்டு வளைகிறது. பக்கத்தில் குடைவு இல்லாத பழைய வில்லில் அம்பு பிடியைச் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும். அந்த வளைவும் மீள்வும் சரியான நேரத்தில் நடந்தால் இறகு பிடியில் உரசாது. 1930களில் அமெரிக்கர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பில் இந்த நெளிவைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார். இங்கே தண்டின் முழு நீளமும் கணக்கில் வருகிறது. அழுத்தத்தில் வளைந்துபோகாமல் தாங்கும் வலு நீளத்தின் இருபடிக்குத் தலைகீழாக மாறும். அலைவின் வேகமும் அப்படித்தான். தண்டின் இரு முனைகளையே தாங்கியாகக் கொண்டால், ஒரே எடைக்கு ஏற்படும் தாழ்வு நீளத்தின் முப்படியைப் பொறுத்தது.

ஐந்து பவுண்டுக் கணக்கின் வேர் இந்த முப்படியில் இருக்கிறது. 28-ஐ 27-ஆல் வகுத்து முப்படி எடுத்தால் ஏறக்குறைய 1.115. ஆகவே 28 அங்குலத்தில் 50 பவுண்டாக நடந்துகொள்ளும் தண்டு ஓர் அங்குலம் குறைந்ததும் 56-ஐ எட்டும். 30 பவுண்டுத் தண்டில் கூடுவது மூன்றரைக்கும் குறைவு. 80 பவுண்டில் ஒன்பது. நடுத்தர வில்லுக்கு மட்டும் பொருந்தும் ஒரு தோராயத்தை எல்லா வில்லுக்கும் விதியாக்கியிருக்கிறார்கள்.

மூங்கிலில் சிக்கல் இன்னும் ஆழமானது. அடியில் 9 மில்லிமீட்டரும் நுனியில் 7 மில்லிமீட்டரும் விட்டம் கொண்ட, உள்ளே துளையில்லாத 80 சென்டிமீட்டர் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 10 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். நீளம் குறைவதால் மட்டுமே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆனால் விட்டத்தின் நான்மடிக்கேற்ப விறைப்பு மாறும் என்பதை மறக்கக் கூடாது. நுனியில் வெட்டினால் தண்டின் நடுவிட்டம் 8-லிருந்து 8.125 ஆகிறது, அடியில் வெட்டினால் 7.875. நடுவிட்டத்தை வைத்து மதிப்பிட்டால் முன்னதில் விறைப்பு 1.59 மடங்கு, பின்னதில் 1.40 மடங்கு. வெட்டிய அளவு ஒன்றே. பலன்களின் இடைவெளியோ 13 விழுக்காடு, அதாவது சீரான தண்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டியதற்குச் சமம். அளவுமேடையும் இப்போது மாறாமல் இருக்காது. நுனியில் வெட்டிய தண்டை ஆறு விழுக்காடு கூட்டியும் அடியில் வெட்டியதை ஆறு விழுக்காடு குறைத்தும் காட்டும். அடியில் வெட்டிய தண்டை மேடையில் வைத்துப் பார்ப்பவர் அது தளர்ந்துவிட்டது என்றே முடிவுசெய்வார். வில்லில் பூட்டினால் அதே தண்டு முன்னைவிட விறைப்பாகப் பாயும்.

இந்நிலத்தின் சேஷாசலக் காடுகளில் வளரும் கல்மூங்கில் வறண்ட சரிவுகளில் பெரும்பாலும் உள்கெட்டியாக இருக்கும். அதன் முதிர்ந்த கழி அம்புக்கு மிகப் பருமன். மெல்லிய கிளைக்கழியை எடுத்தால் மேற்சொன்ன சிறுத்தல் இயல்பாகவே அமையும். கழியைப் பிளந்து சீவினால் பருமனைச் சீராக்கலாம். ஆனால் நார் அடர்ந்திருப்பது புறத்தோலை ஒட்டி. அந்தப் பக்கம் சீவிய தண்டு, பருமன் அதேயானாலும், தளர்ந்துவிடும். கணுவும் தன் பங்குக்கு நீளத்தைத் தீர்மானிக்கிறது. நாண் பொருந்தும் குதையை இரு கணுக்களுக்கு நடுவே வெறும் நாரில் வெட்டினால் சில எய்தல்களில் பிளக்கும்; அதன் அடியில் ஒரு கணு நின்றால் பிளவு அங்கேயே தடைபடும். எனவே மூங்கில் தண்டை நினைத்த இடத்தில் நறுக்க இயலாது. கணு எங்கே விடுகிறதோ அங்கே நறுக்கி, மிச்சத்தைச் சீவலாலும் முனையின் எடையாலும் சரிசெய்ய வேண்டும். வில்லை இழுக்கும் தூரத்தைவிடத் தண்டு குட்டையாகவும் முடியாது என்பதால், வெட்டிச் சரிசெய்ய இருக்கும் இடமே சிறிது.

சேஷாசல மலைகளின் புகழ்பெற்ற செம்மரம் ஏன் இங்கே பேசப்படவில்லை என்று கேட்கலாம். நீரில் அமிழும் அளவு கனமான மரம் அது. அலைநார் ஓடும் கட்டைக்கே சந்தையில் மதிப்பு அதிகம். தண்டுக்கு வேண்டியது குறைந்த எடையில் நிறைந்த விறைப்பும் நேர்நாரும். கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் அம்புக்குரியவற்றில் மூங்கிலையும் நாணலையும் முன்வரிசையில் வைக்கிறது.

அளவுமேடையே அறியாத வேட்டுவர்க்கு இந்தக் கணக்கு எதற்கு என்பது நியாயமான மறுப்பு. எய்து பார்த்து, கோணினால் சற்று வெட்டி, மீண்டும் எய்து தேர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் தேர்வு முறை பலித்ததற்குக் காரணம் வேண்டும் அல்லவா? எந்த முனையில் வெட்டினாலும், அளவு வேறுபட்டாலும், விறைப்பு கூடும் திசையிலேயே மாறுகிறது. ஆகவே தளர்வான தண்டிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வெட்டுபவர் ஒருபோதும் எதிர்த்திசையில் போய்விடமாட்டார். அளவுகோல் இல்லாமலே இந்த முறை வேலை செய்வது அதனால்தான். அதிகமாக வெட்டிவிட்ட தண்டுக்கும் ஒரு வழி உண்டு: முனையைக் கனமாக்கினால் அது மறுபடி நெகிழ்ந்து நடக்கும். இரும்பு முனை அடிக்கும் கொல்லரும் அம்பின் விறைப்பைத் தீர்மானிப்பவர்களில் ஒருவர் என்று இதனால்தான் கொள்ள வேண்டியிருக்கிறது.

சித்தூர், செங்கம் வட்டாரங்களின் நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைக் காண்கிறோம். அவர்கள் உடலளவோடு ஒப்பிட்டு வில்லின் நீளத்தை ஊகிக்கலாம். கல்லிலிருந்து அம்பின் விறைப்பை ஊகிக்க வழியில்லை. அதனாலேயே எஞ்சியிருக்கும் பழங்குடி அம்புகள் விலைமதிப்பற்றவை. அவற்றைப் பதிவு செய்யும்போது மொத்த நீளத்தை மட்டும் எழுதுவது ஏறக்குறைய எதையும் எழுதாததற்கு ஒப்பாகும். அடி, நடு, நுனி விட்டங்கள், ஒவ்வொரு கணுவும் குதையிலிருந்து நிற்கும் தூரம், புறத்தோல் எஞ்சியிருக்கும் பக்கம், முனையின் எடை, பருத்த அடி முனைப்பக்கம் இருக்கிறதா குதைப்பக்கம் இருக்கிறதா என்பது ஆகிய அனைத்தும் குறிக்கப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கொண்டு, கைவினைஞர் தண்டை எந்த முனையில் குறைத்திருப்பார் என்ற வினாவுக்குள் நுழையலாம்.