கட்டுகளுக்குள் கிடக்கும் கொடிவழி

ஊர் வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் முதலில் கோயில் கல்வெட்டைத் தேடுகிறார்கள்; அதன் பிறகு மாவட்ட கெஸட்டியரை. கல்வெட்டில் கொடை கொடுத்தவன் இருக்கிறான். கெஸட்டியரில் வரி வாங்கியவன் இருக்கிறான். பங்காளியோடு வரப்புத் தகராறு செய்தவனும், விதவை அண்ணிக்கு ஜீவனாம்சம் தர மறுத்தவனும், அந்த அண்ணிக்காகச் சாட்சிக் கூண்டேறிய ஊர் வண்ணாரும் இவ்விரண்டிலும் இல்லை. அவர்களைக் காண வேண்டுமானால் நீதிமன்றக் கட்டுகளைத்தான் அவிழ்த்தாக வேண்டும். பிரான்சின் பிரனீஸ் மலையடிவாரக் கிராமம் ஒன்றைப் பற்றி லதூரி 1975இல் எழுதிய 'மோந்தாயூ' நூல், 1318க்கும் 1325க்கும் இடையில் ஒரு பிஷப் நடத்திய மத விசாரணைகளின் பதிவேட்டிலிருந்து பிறந்தது. நம் பக்கத்தில் அத்தகைய நூல் மிக அரிது என்பதற்கு மூலங்கள் குறைவு என்பதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

சிவகங்கை ஜமீன் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அமர்த்தியது. 1829இல் அவர் இறந்தார். மணந்த மனைவியர் எழுவர். அவருக்குப் பின் உயிரோடு இருந்தவர் மூவர். ஆண் வாரிசு இல்லை. அவருக்கு முன்பே இறந்துவிட்ட தமையன் ஓய்யாத் தேவருக்குப் புதல்வர்கள் இருந்தனர். ஜமீன் அந்தத் தமையன் மக்கள் வசம் போயிற்று. விதவையர் வழக்காடினர், அவர்கள் காலத்துக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் வழக்காடினார். லண்டன் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பு 1863இல் வந்தது. குடும்பம் பாகம் பிரியாததாகவே இருந்தாலும் ஜமீன் கௌரி வல்லபரின் சுயார்ஜிதம். ஆகவே அது விதவைக்கும், பிறகு மகளுக்குமே சேரும் என்றது அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவ்வழக்கைப் படிக்கிறார்கள்.

வரலாறு எழுதுகிறவருக்கு அந்த வாக்கியத்தால் பெரிய பயன் ஏதுமில்லை. அவர் பார்க்க வேண்டியது அதைச் சுற்றியுள்ளவற்றை. தமையனும் தம்பியும் ஒரே உலையில் சோறு உண்டார்களா, கணக்கு ஒன்றா இரண்டா என்ற கேள்விகள் இத்தகைய வழக்குகளில் சட்டக் கேள்விகளாகவே எழுகின்றன. அவற்றுக்கு விடை சொல்ல வருகிறவர்கள் சமையற்காரர்கள், கணக்கப்பிள்ளைகள், புரோகிதர்கள், பக்கத்து ஊர்ப் பெரியவர்கள். வேறெந்த ஆவணத்திலும் வாய் திறக்காத மனிதர்கள் இங்கே பேசுகிறார்கள், அதுவும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு.

தீர்ப்பு எதைச் சொல்லாமல் கடக்கிறது என்பதும் கவனத்துக்குரியது. பழைய ஜமீன்தாரின் மரபு 1801இல் அற்றுப்போயிற்று, ஜமீன் கம்பெனியின் கைக்கு வந்தது என்று சட்ட நடையில் இரண்டு வரிகளில் முடிக்கக்கூடிய விஷயத்தின் பின்னால் காளையார்கோயில் போர் இருக்கிறது. அதே 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள் இருக்கிறார்கள். சொத்துரிமையின் மொழியில் ஒரு போர் வெறும் 'வாரிசின்மை' ஆகிவிடுகிறது. நீதிமன்ற ஆவணத்தை மட்டும் நம்பி எழுதுகிறவர் விழக்கூடிய முதல் பள்ளம் இது.

இரண்டாவது பள்ளம் மொழிபெயர்ப்பு. சாட்சி தமிழில் சொன்னதை நீதிபதி ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டார். மேல்முறையீட்டுக்குப் போன தாள்களெல்லாம் ஆங்கிலத்திலேயே அச்சாயின. சித்தி மகனும் அத்தை மகனும் அங்கே ஒரே 'கஸின்'. முதலாமவன் உடன்பிறந்தான் முறை. இரண்டாமவனோ மணந்துகொள்ளும் முறை. மாமன், சித்தப்பன், பெரியப்பன் மூவரும் 'அங்கிள்'. நம் உறவுமுறையின் முதுகெலும்பே இந்த வேறுபாடுதான். எனவே அச்சிட்ட தாளிலிருந்து கொடிவழி வரைகிறவர், ஒவ்வொரு உறவுச் சொல்லுக்குப் பின்னாலும் எந்தத் தமிழ்ச் சொல் இருந்திருக்கும் என்பதைத் திருமணங்களைக் கொண்டும் சொத்துப் பிரிவினையைக் கொண்டும் உய்த்துணர வேண்டும். வயதுகளையும் அப்படியே ஏற்கலாகாது. 'சுமார் 50' என்பவர் நாற்பத்தைந்தாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, கொடிவழிப் பட்டியலே. வாதியின் பட்டியலில் இருக்கும் மனைவி பிரதிவாதியின் பட்டியலில் வைப்பாட்டியாகிவிடுவாள்; ஒரு தத்துப்பிள்ளை முற்றிலுமாக மறைந்துபோவான். இந்த ஐயம் சட்டம் இயற்றியவர்களுக்கே இருந்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், உறவுமுறையை நேரில் அறிந்து இறந்துபோனவர் சொன்ன சொல்லைச் சாட்சியமாக ஏற்றது. ஆனால் அந்தத் தாவா எழுவதற்கு முன்பே சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும் என்றது. பூசல் தொடங்கிய பின் வரைந்த வம்சாவளியை ஆராய்ச்சியாளரும் அதே சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அதே சட்டம், ஒருவரை உறவினராகச் சுற்றத்தார் நடத்திய விதத்தையும் கணக்கில் கொண்டது. கொள்ளி வைத்தது யார், கருமாதியில் தலைமுழுகியது யார், கல்யாணப் பந்தலில் தாய்மாமன் சீர் கொண்டுவந்தது யார் என்றெல்லாம் வக்கீல்கள் துருவியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படித் துருவியதன் பயனாக, இனவரைவியலாளர் எவரும் எட்டிப் பார்க்காத ஊர்களின் சடங்குகளும் எழுத்தில் ஏறியிருக்கின்றன.

தோற்றவர்களின் குரலும் இங்கே நிற்கிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு 1908வரை நடந்தது. பிரிவி கவுன்சில்வரை சென்று நாடார்கள் தோற்றனர். தங்கள் வழக்கம் என்ன, உரிமை என்ன என்று அவர்கள் எடுத்துவைத்த வாதம் மட்டும் தாள்களில் தங்கிவிட்டது. ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார் சமூகம் பற்றிய தம் நூலை எழுதியபோது இவ்வழக்கு அதில் முக்கியமான இடத்தைப் பெற்றது.

ஆனால் சிவகங்கையும் கமுதியும் லண்டன்வரை போன வழக்குகள். போனதால் அச்சாயின, அச்சானதால் பிழைத்தன. முன்சீப் கோர்ட்டோடு முடிந்துபோன வழக்குகளின் கதை வேறு. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம், பழைய தாள்களை அப்புறப்படுத்த விதிகள் வகுக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. தாள்களுக்கெல்லாம் இடம் தேட முடியாது என்பது நியாயமான காரணமே. ஆயினும் அத்தகைய ஏற்பாட்டில் தீர்ப்பும் டிக்ரியும் நெடுங்காலம் நிற்க, வாக்குமூலங்கள் முதலில் போய்விடுகின்றன. யாருக்கு நிலம் கிடைத்தது என்று அறிய முடிகிறது; அந்த நிலத்தைப் பற்றி ஊர் என்ன பேசியது என்று அறிய முடிவதில்லை. ஜமீன்தாரின் மடைப்பள்ளிக் கணக்கு நமக்குக் கிடைக்க, இரண்டு ஏக்கர்க்காரனின் கிணற்றுத் தகராறு கிடைக்காமல் போவது இதனால்தான். நம் ஊர் வரலாறுகள் பலவும் அரண்மனை வரலாறுகளாகச் சுருங்கியதில் இந்த அழிப்புக்கும் பங்குண்டு என்றே எண்ணுகிறேன்.

எஞ்சியிருக்கும் ஒரு வழி வீட்டுப் பெட்டிகள். வழக்காடியவர்கள் முத்திரைத்தாளில் சான்றிட்ட நகல்கள் வாங்கி வைத்திருப்பார்கள். மூலக்கட்டு அழிந்திருந்தால் பரணிலிருக்கும் அந்த நகலே இப்போது மூலம். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரம் உரிய இடத்திலிருந்து வந்தால் அதை மெய்யானதென்று கொள்ளலாம் என அந்தப் பழைய சாட்சியச் சட்டம் இடங்கொடுத்தது. பரணும் உரிய இடந்தான். அத்தகைய தாள் கிடைத்தால் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு வாக்குமூலத்தின் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, தொழில், வசிக்கும் ஊர் என்று சாட்சி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பிறகு தாளைத் திருப்பி நகல் மனு கொடுத்த நாளையும், நகல் தயாரான நாளையும் பாருங்கள். வழக்கு முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஒருவர் நகல் வாங்கியிருந்தால், அந்தக் குடும்பத்தில் அப்போது மீண்டும் ஏதோ ஒன்று கிளம்பியிருக்கிறது.