ஐயமும் மனநிறைவும்: 1943இல் ஒரு தீர்ப்பு

விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைப்பதற்குச் சட்டம் இட்டிருக்கும் பெயர் தடுப்புக்காவல். செய்த குற்றத்துக்கான தண்டனையாக அல்லாமல், இனிச் செய்துவிடக்கூடும் என்ற அச்சத்தின் பேரில் விதிக்கப்படுவதால், இதில் குற்றப்பத்திரிகையும் சாட்சி விசாரணையும் இடம்பெறுவதில்லை. இந்தியாவில் இதன் வேர் 1818ஆம் ஆண்டின் வங்காள மூன்றாம் ஒழுங்குவிதி வரை செல்கிறது. இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இயற்றப்பட்ட 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் வகுக்கப்பட்ட 26ஆம் விதியும் இந்த அதிகாரத்தை நாடு முழுவதும் பரப்பின. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தபின், அவ்வாண்டு இறுதிக்குள் கைதானோர் தொகை 60,000-ஐத் தாண்டியது. அவர்களில் பல்லாயிரவர் இந்த விதியின்கீழ் காவலில் வைக்கப்பட்டவர்கள்.

சட்டம் கொடுத்ததும் விதி எடுத்துக்கொண்டதும்

பம்பாய் மாகாணத்தில் அவ்வாறு காவலில் வைக்கப்பட்ட கேசவ் தல்படே என்பவரின் வழக்கு, உயர் நீதிமன்றத்தில் தோற்று, தில்லியிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தால் உருவாகி, 1937 அக்டோபரில் பணி தொடங்கிய இந்நீதிமன்றமே இன்றைய உச்ச நீதிமன்றத்தின் முன்னோடி. தலைமை நீதிபதி சர் மாரிஸ் குவையர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற எஸ்.வரதாச்சாரியார், முகம்மது சஃபருல்லா கான் ஆகிய மூவரும் வழக்கைக் கேட்டனர்.

போர்க்காலத்தில் காவல் தேவைதானா என்ற கேள்விக்குள் அவர்கள் புகவில்லை. சட்டத்தையும் விதியையும் அருகருகே வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டனர். பொதுப் பாதுகாப்பு போன்றவற்றுக்குக் கேடான செயலில் ஈடுபட்டதாகவோ ஈடுபடக்கூடுமென்றோ நியாயமான காரணத்துடன் ஐயுறப்படுபவரைக் காவலில் வைக்க விதி செய்துகொள்ளலாம் என்பதே சட்டம் கொடுத்த அதிகாரம். 26ஆம் விதியோ, ஒருவரைக் காவலில் வைப்பது அவசியம் என்று அரசுக்கு மனநிறைவு ஏற்பட்டாலே போதும் என்றது. ஐயத்துக்குக் காரணம் வேண்டும். மனநிறைவுக்கு அந்தக் கட்டாயம் எதுவுமில்லை. ஆகவே, சட்டம் தந்த அதிகாரத்தின் எல்லையை மீறிய 26ஆம் விதி செல்லாது என்று 1943 ஏப்ரல் 22 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்துணிவின் அளவை அறிய லண்டனை நோக்க வேண்டும். 1941 நவம்பரில், போர்க்காலக் காவலை எதிர்த்து லிவர்சிட்ஜ் என்பவர் தொடுத்த வழக்கில், 'நியாயமான காரணம்' என்ற சொற்கள் அங்கிருந்த விதியிலேயே வெளிப்படையாக இருந்தும், அமைச்சர் அப்படிக் கருதினாலே போதுமென்று பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் நால்வர் கூற, அட்கின் பிரபு ஒருவர் மட்டுமே மாறுபட்டார். குடியேற்ற நாட்டின் நீதிமன்றமோ, குடிமக்கள் கிளர்ந்தெழுந்த எட்டே மாதங்களில், அரசின் கையிலிருந்த தலையாய ஆயுதத்தையே செல்லாததாக்கியது.

ஆறு நாள்

அரசு ஆறு நாள்தான் பொறுத்தது. குவையர் ஓய்வுபெற்ற சில நாட்களில், ஏப்ரல் 28 அன்று, தலைமை ஆளுநர் லின்லித்கோ பிறப்பித்த அவசரச் சட்டம், குறையிருந்த சட்டப்பிரிவில் 'மனநிறைவு' என்ற சொல்லைச் சேர்த்ததோடு, அது தொடக்கம் முதலே அங்கு இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று முன்தேதியிட்டு விதித்தது.

எனினும் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. அவ்வாண்டு ஜூனில், சிப்நாத் பானர்ஜி உள்ளிட்ட ஒன்பது பேர் சார்பில் வந்த ஆட்கொணர்வு மனுக்களை, அதாவது காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்திக் காவலுக்கான காரணத்தைக் காட்டுமாறு கோரும் மனுக்களை, கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்று, அவர்களை விடுவிக்க ஆணையிட்டது. காவல் ஆணைகள் வங்காள ஆளுநர் பெயரால், அவருக்கு மனநிறைவு ஏற்பட்டதாகக் கூறும் வழக்கமான வாசகத்துடன் இருந்தன. ஆனால், காவல்துறை பரிந்துரைத்தவுடன் ஆணையைப் பிறப்பித்துவிடுவது, பரிசீலனையைப் பிறகு வைத்துக்கொள்வது என்பதே உள்துறையின் நடைமுறை என்று, அத்துறையின் கூடுதல் செயலர் தாக்கல்செய்த உறுதிமொழிப் பத்திரமே வெளிப்படுத்தியது. யாருடைய மனநிறைவு வேண்டும் என்று சட்டம் சொன்னதோ அவர் கோப்பைப் பார்க்கும் முன்பே ஆள் சிறைக்குள் இருந்தார்.

இந்த ஒன்பது பேர் வழக்கின் மேல்முறையீட்டில், 1945இல் லண்டனின் பிரிவி கவுன்சில், 26ஆம் விதி தொடக்கம் முதலே செல்லும் என்று கூறித் தல்படே தீர்ப்பின் விளக்கத்தை மறுத்தது. ஆனால் அதே வழக்கில், ஆணையின் வாசகம் உண்மைதானா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்பதையும், எவரும் மனம் செலுத்தாமல் வழக்கம்போல் பிறப்பித்த ஆணை நிற்காது என்பதையும் ஏற்றுக்கொண்டது.

எஞ்சிய சொல்

1943இல் குவையர் ஐயுற்ற 'மனநிறைவு' என்ற சொல், விடுதலைக்குப் பின்னும் போகவில்லை. 1950ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்திலும், 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலும், மக்கள் குண்டர் சட்டம் என்றழைக்கும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்திலும் காவல் ஆணைக்கு அதுவே அடிப்படை. இன்று அத்தகைய ஆணைகளை எதிர்த்து வரும் ஆட்கொணர்வு மனுக்களில், அதிகாரி ஆவணங்களில் மனம் செலுத்தினாரா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்கும் கேள்வி, கல்கத்தாவில் அந்த ஒன்பது பேருக்காகக் கேட்கப்பட்ட அதே கேள்விதான்.