டி.வி.எஸ். 50: பெடல் போட்ட வண்டியின் கதை

வடகரப்பதி எங்கே இருக்கு என்று இங்கே ஐந்தோவனில் யாராவது கேட்டால் "பாலக்காடு பக்கம்" என்பேன். கேட்டவர் கோயமுத்தூர்க்காரராக இருந்தால் "வேலந்தாவளம் தாண்டினவுடனே" என்று சொல்வேன். இரண்டுமே சரிதான். ஊர் கேரளாவில், சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. பேச்சு தமிழ், சந்தை கோயமுத்தூர். அந்தப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும், கே.எல். 09, கே.எல். 70, டி.என். 37 என்று எல்லா நம்பர் பிளேட்டும் வரிசையாக நிற்கும். பிளேட்டுகள் வேறு வேறாக இருந்தாலும், பாதிக்குப் பாதி வண்டி ஒரே வண்டியாகத்தான் இருக்கும்: எக்ஸெல். முன்னாடி பால் கேன், பின்னாடி தீவன மூட்டை, நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர்.

அந்த வண்டி எங்கிருந்து வந்தது, எப்படி நம்ம ஊரில் மட்டும் இத்தனை நாள் தாக்குப் பிடித்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

'மொபெட்' என்ற சொல்லே ஐரோப்பாவில் பிறந்தது. மோட்டார், பெடல் இரண்டையும் ஒட்டி 1952-இல் ஸ்வீடனில் உண்டாக்கிய பெயர். உலகப்போர் முடிந்த கையோடு, பெட்ரோலும் பணமும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், சைக்கிளிலேயே ஒரு குட்டி எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். பிரான்ஸில் 1946-இல் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸில் எஞ்சின் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு செராமிக் உருளை டயரை உரசிச் சுற்றும், அவ்வளவுதான் கியர்பாக்ஸ்! ஐரோப்பாவில் வசதி கூடக்கூட மக்கள் காருக்குப் போனார்கள். மொபெட் பள்ளிக்கூடப் பையன்களின் வண்டியாகச் சுருங்கியது.

இந்தியாவில் கதை வேறு. எழுபதுகளில் ஒரு ஸ்கூட்டர் வாங்குவது பெண் பார்ப்பதை விடக் கஷ்டம். எத்தனை வண்டி செய்யலாம் என்று அரசாங்கம் லைசென்ஸில் எழுதிக் கொடுத்த காலம் அது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்து வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அன்னியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு வழியும் இருந்தது. அதாவது வெளிநாட்டில் ஒரு மச்சானோ மாமாவோ இருந்தால் வரிசையில் முன்னால் போய்விடலாம். அன்றைக்கே நம்மால் ஒரு உபயோகம் இருந்திருக்கிறது பாருங்கள்!

மச்சான் இல்லாதவர்களுக்குக் கிடைத்தது மொபெட். திருப்பதியில் தயாரான சுவேகா, பிரெஞ்சு மோட்டோபெகான் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் வந்தது. 1972-இல் புனேயின் கைனடிக் கம்பெனி லூனாவைக் கொண்டுவந்தது. அதன் மூலம் இத்தாலியின் பியாஜியோ சியாவ். லூனா பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. ஆனால் அந்த வண்டிகள் அடிப்படையில் ஒரு ஆளுக்கானவை. நம்ம ஊரில் வண்டி என்றால் இரண்டு பேராவது ஏற வேண்டாமா?

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 அந்த இடத்தைத்தான் பிடித்தது. இந்தியாவின் முதல் இரண்டு இருக்கை மொபெட் அதுதான். மதுரையில் 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம், லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்துகொண்டிருந்த கம்பெனி, இதைச் செய்தது. ஐம்பது சி.சி. அளவில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கியர் கிடையாது. ஸ்டாண்டு போட்டு பெடலை மிதித்தால் கிளம்பும். பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிள் மாதிரி மிதித்துக்கொண்டே அடுத்த பங்க் வரை போகலாம் என்று பேர், மிதித்துப் பார்த்தவர்களைக் கேட்டால் நிஜம் தெரியும் :-)

சட்டமும் ஒரு விதத்தில் உதவியது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை 16 வயதிலேயே ஓட்டலாம் என்று சொல்கிறது. மற்ற வண்டிகளுக்கு 18. பிளஸ் ஒன் படிக்கும் பெண் டியூஷனுக்குத் தனியாகப் போக முடிந்ததற்கு இந்த இரண்டு வருஷமும் ஒரு காரணம். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, நடுவில் தூக்கிக் கட்டிய டேங்க் இல்லை என்பதால் சேலை கட்டிய டீச்சரம்மாவும் நர்ஸும் ஓட்ட முடிந்தது. அதுவரை வீட்டில் வண்டி இருந்தாலும் அது ஆம்பளை வண்டிதான், பெண்களுக்குப் பின்சீட்டு. 1994 வாக்கில் அதே கம்பெனியின் ஸ்கூட்டி வந்து பெண்களுக்கான தனிச் சந்தையாகவே இதை மாற்றியது. 2018-இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்த திட்டத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

எல்லைப் பக்கம் இன்னொரு சௌகரியம். வேலந்தாவளத்திலிருந்து கோயமுத்தூர் சுமார் 20 கிலோமீட்டர். 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை வரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் நீளமாக நிற்கும். மொபெட்காரர் ஓரமாகப் புகுந்து போய்க்கொண்டே இருப்பார். ஊருக்குள் போனால் ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி மாதிரி இடங்களில் கடை வாசலிலேயே சாய்த்து நிறுத்தலாம். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பஸ்ஸுக்குக் காத்திருப்பதா, ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதா என்ற கேள்விக்கே இடமில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்த ஆயிலும் சேர்ந்து எரியும். அதோடு, உள்ளே வரும் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்ஸர் வழியாக வெளியே ஓடிவிடும். நீலப் புகையும் அந்த வாசனையும் அதனால்தான். நமக்கு அது ஊர் ஞாபகம், பின்னால் வந்தவர் நுரையீரலுக்கு விஷம். புகை விதிகள் இறுக இறுக, 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகள் மைலேஜிலும் முந்த, லூனா உள்பட மற்ற மொபெட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. டி.வி.எஸ். மட்டும் வண்டியை மாற்றிக்கொண்டது. எக்ஸெல் சூப்பரில் எஞ்சின் 70 சி.சி. ஆனது. 16 வயதுச் சலுகை அதோடு போச்சு. 2015-இல் எக்ஸெல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. 2020-இன் பி.எஸ். 6 விதிக்கும் தாங்கியது. பெடல் போய் ரொம்ப நாளாச்சு, பேர் மட்டும் மொபெட். முன்னால் தட்டையான இடம், கழற்றி வைக்கக்கூடிய பின்சீட்டு, தேங்காய் மூட்டை ஏற்றினாலும் முனகாத உடம்பு. பைக்கால் செய்ய முடியாத வேலையை இது செய்கிறது. பிழைத்ததற்குக் காரணம் அதுதான்.

நான் இருக்கும் நெதர்லாந்திலும் குட்டி ஸ்கூட்டர்கள் உண்டு. நீல பிளேட் போட்டால் 25 கிலோமீட்டர் வேகம், மஞ்சள் என்றால் 45. நீல பிளேட்டுக்கு ஹெல்மெட் கட்டாயமானது 2023 ஜனவரியில்தான்! தமிழ்நாட்டில் 2015 ஜூலையிலேயே உயர்நீதிமன்ற உத்தரவால் கெடுபிடி வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நாம் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளலாம், நம்ம ஆட்கள் அதைத் தலையில் போடாமல் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனாலும்.

ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால், நம்மில் நிறைய பேர் வாராவாரம் போனில் போடும் சண்டை இது. "அப்பா, எழுபது வயசாச்சு, அந்த வண்டியை வித்துடுங்க, டாக்ஸி புக் பண்ணித் தர்றேன்." அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ம்". நமக்கு அது முப்பதாயிரம் பெறாத பழைய வண்டி. அவருக்கு யார் தயவும் இல்லாமல் சொசைட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் போகும் சுதந்திரம். வித்துடுங்க என்பதற்கு முன்னால் கண் பரிசோதனை, நல்ல பிரேக், நல்ல ஹெல்மெட், இருட்டினால் வண்டி எடுப்பதில்லை என்று ஒரு ஒப்பந்தம் போடலாம். ஓட்டவே முடியாத நாள் வரும்தான். அப்போது வண்டிக்குப் பதில் யார், எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பேச்சு.

ஓசூரில் 2021-இல் ஏதர் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்துவிட்டது. கைனடிக் 2024-இல் லூனாவை பேட்டரி வண்டியாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. புகை போகும், சத்தமும் போகும். பால் கேனும் தீவன மூட்டையும் போகாது. அதை ஏற்ற இடம் விட்டுச் செய்பவர்கள்தான் வடகரப்பதியில் வியாபாரம் செய்வார்கள்.

உங்கள் வீட்டில் முதல் வண்டி எது? அதை முதலில் ஓட்டிப் பழகிய பெண் யார்? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல கதை கிடைக்கும்.