ஆளோடியில் பறந்த அம்புகள்

ஜப்பானிய வில்வித்தை என்றவுடன் நம் இலக்கிய நண்பர்கள் பலருக்கும் நினைவில் எழுவது ஜென் தத்துவமே. 1920களில் செந்தாய் நகரில் தத்துவம் பயிற்றுவித்த ஒய்கன் ஹெரிகல் என்னும் ஜெர்மானியர் 1948இல் வெளியிட்ட சிறுநூல் அதற்கு முதற்காரணம். அவருடைய ஆசான் அவா கென்ஸோ இருளில் எய்த இரண்டாவது அம்பு முதல் அம்பைப் பிளந்த காட்சியை அந்நூலைப் படித்தவர் மறப்பதில்லை. ஹெரிகல் காட்டிய அளவுக்கு விற்கலை மரபில் ஜென்னுக்கு இடமில்லை என்று ஷோஜி யமாதா 2001இல் விரிவாக வாதிட்டார். அந்த வாதத்தைவிட வலுவான சான்றாக எனக்குப் படுவது கியோத்தோவில் உள்ள ஓர் ஆளோடி.

ஸான்ஜூஸான்கென்தோ என்னும் அப்பௌத்தக் கோயில் 1164இல் எழுந்து, தீக்கிரையாகி, 1266இல் மீண்டும் கட்டப்பட்டது. ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள மரக்கட்டடம். உள்ளே 1001 கண்ணோன் திருவுருவங்கள் நிற்கின்றன. மேற்குப் புறத்து ஆளோடியில், தென்முனையில் அமர்ந்து எய்யும் அம்பு எதிலும் படாமல் வடமுனையைக் கடக்க வேண்டும். இதுவே 'தோஷியா' என்னும் போட்டி. மேலே இறவாரம், ஒருபுறம் தூண்கள்.

இதன் கடுமையை உணர ஒரு சிறு கணக்குப் போதும். கூரை ஏறக்குறைய 5 மீட்டர் உயரம். அமர்ந்திருப்பவனின் வில்லிலிருந்து அம்பு 1 மீட்டர் உயரத்தில் புறப்படுவதாகக் கொண்டால், அது மேலெழ எஞ்சுவது 4 மீட்டரே. 4 மீட்டர் ஏறி இறங்கப் புவியீர்ப்பு தரும் அவகாசம் சுமார் 1.8 விநாடி. அதற்குள் 120 மீட்டரைக் கடக்க விநாடிக்கு 66 மீட்டர் வேகம் வேண்டும். எய்யும் கோணம் 8 பாகையைத் தாண்டலாகாது. காற்றுத் தடையை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் புறப்பாட்டு வேகம் இன்னும் கூடும். கனமான அம்பு வில்லிலிருந்து மெதுவாகப் புறப்படும்; மிக இலேசான அம்போ விரைந்து புறப்பட்டுக் காற்றில் விரைந்து தளரும். இவ்விரண்டுக்கும் இடையே கைவினைஞர் கண்ட விடைகளில் ஒன்று, நடுவில் பருத்து இருமுனையும் மெலிந்த 'வாற்கோதுமை மணி' வடிவ மூங்கில் அம்பு. சமன்பாடுகள் இல்லாமலேயே எய்து பார்த்துத் திருத்தி அடைந்த விடை அது.

வில்லும் விந்தையானது. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அதைப் பிடிப்பது நடுவில் அன்று, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். வா நாட்டாரின் வில் கீழே குறுகியும் மேலே நீண்டும் இருக்கும் என்று மூன்றாம் நூற்றாண்டுச் சீன வரலாற்று நூலே குறித்துவிட்டது. குதிரைமேலிருந்து எய்வதற்காக இவ்வடிவம் வந்தது என்பார்க்கு இக்குறிப்பு இடையூறு: அதே நூல் அந்நாட்டில் குதிரை இல்லை என்றும் சொல்கிறது. அம்பு வில்லின் வலப்புறம் அமர்வதால், நாண் முன்னேறும்போது அம்பின் முகம் வலப்பக்கம் விலகப் பார்க்கும். இடக்கையின் முறுக்கு அவ்விலகலைத் திருத்துகிறது. எய்தபின் வில் கையிலேயே சுழன்று, நாண் வெளிப்புறம் போய் நிற்கும். முதலம்பின் இறகுகளும் இரண்டாம் அம்பின் இறகுகளும் எதிரெதிராக வளைந்தவை. ஆகவே அவை எதிரெதிர்த் திசையில் சுழன்று பறக்கின்றன.

1543இல் தானேகாஷிமாத் தீவில் துப்பாக்கி வந்திறங்கியது. அடுத்த நூற்றாண்டில் தொக்குகாவா ஆட்சியின் நெடிய அமைதி தொடங்கியது. போர்க்களத்தில் வேலையிழந்த வில்லுக்கு இந்த ஆளோடி ஒரு களமாயிற்று. 1606இல் அஸஓகா ஹெய்பெய் நூறு அம்புகளில் 51ஐக் கடத்தினார். பின்னர் ஓவாரி, கீஷூ என்னும் இரு தொக்குகாவாக் கிளைகளின் மானப்பிரச்சினையாகவே இது மாறிற்று. 1669இல் ஓவாரியின் ஹொஷினோ கன்ஸாஎமோன் ஒரு நாளில் 8,000 அம்புகளைக் கடத்தினார். 1686இல் கீஷூவின் வாஸா தாய்ஹாச்சிரோ 13,053 அம்புகளை எய்து 8,133ஐக் கடத்தினார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். இடைவெளியே இல்லை என்று வைத்தாலும் ஏழு விநாடிக்குள் ஓர் அம்பு, இருபத்துநான்கு மணிநேரம். நான்கு விரல்களை மூடும் கெட்டியான கையுறை இப்போட்டியின் தேவையால் உருவானது என்பர். அச்சாதனை பின்னர் முறியடிக்கப்படவில்லை.

அமைதியான உள்ளம் இதற்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அங்கே ஒருவர் அம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரு பிரபுக்கள் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தனர். வாஸாவின் கணக்கில் கடக்காதவை 4,920. அவை கூரையில் தைத்தன, தூணில் மோதின, அல்லது பாதி வழியில் பலகையில் விழுந்தன. தூண்களைக் காக்க இரும்புத் தகடு பொருத்த வேண்டியிருந்தது.