பெயரும் பட்டியலும்: இந்திய வாக்காளர் பட்டியலின் வரலாற்றில் தனியுரிமை

முன்னுரை

மக்களாட்சியில் வாக்கு மறைவானது. வாக்காளரின் பெயர் வெளிப்படையானது. ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை வெளியிடலாகாது என 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விதிக்கிறது. ஆனால் வாக்களிக்கத் தகுதி பெற்றவர் யார், அவர் எந்த வீட்டில் வாழ்கிறார், அவருடைய வயது என்ன, தந்தை அல்லது கணவர் பெயர் என்ன என்பன அச்சிட்டு வெளியிடப்படுகின்றன. இவ்விரு நெறிகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே அரசியல் கட்சிகளின் தேர்தல் பணி நடைபெற்று வருகிறது. வாக்காளரைப் பற்றிக் கட்சிகள் திரட்டும் செய்திகள் எத்தகையவை, அவற்றைச் சட்டம் எவ்வாறு நோக்கி வந்துள்ளது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. வாக்காளர் பட்டியலின் அடிப்படை அலகு பெயர். பெயர் ஒரு மொழிக்கூறு. ஆதலின் இது சட்டத் துறையினர்க்கு மட்டுமன்றி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பொருளாகிறது.

குழுவிலிருந்து தனிநபருக்கு

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளைப் பொறுத்திருந்தது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை ஏற்படுத்தியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இம்முறையைப் பிற பிரிவினர்க்கும் விரிவுபடுத்தியது. எனவே அக்காலத்தில் ஒருவர் இன்ன சமூகத்தினர் என்பது அவர் எந்தப் பட்டியலில் இடம்பெறுவார் என்பதைத் தீர்மானித்தது. பெண்கள் பலர் தம் கணவரின் தகுதியைக் கொண்டே வாக்குரிமை பெற்றனர். 'இன்னாரின் மனைவி' என்பது அக்காலத்தில் ஓர் உறவுத்தொடராக மட்டுமன்றிச் சட்டத் தகுதியாகவும் இருந்தது என்பது நோக்கத்தக்கது.

விடுதலைக்குப் பின்னர் இந்நிலை மாறிற்று. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் கொள்கையின் அடிப்படையில் பட்டியல் தயாரிக்கும் பணியை அரசியல் நிர்ணய சபையின் செயலகம் 1947ஆம் ஆண்டு நவம்பரிலேயே தொடங்கியது. அரசியல் சட்டத்தின் 325ஆம் உறுப்பு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொதுப்பட்டியல் இருத்தல் வேண்டும் என்றும், சமயம், இனம், சாதி, பால் என்பவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எவரையும் அதிலிருந்து விலக்குதல் கூடாது என்றும் விதித்தது. இதன் விளைவாகச் சாதியும் சமயமும் பட்டியலின் பத்திகளிலிருந்து நீங்கின. எஞ்சியது தனிநபரின் பெயரே.

பெயர் சொல்லாத பெண்கள்

இம்மாற்றத்தின் முதல் இடர்ப்பாடு பெயர் வழியாகவே வந்தது. முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியலைத் தயாரித்தபோது, சில மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரை அயலாரிடம் கூற மறுத்தனர். 'இன்னாரின் தாய்', 'இன்னாரின் மனைவி' என்றே அவர்கள் பதிவு செய்யப்பட்டிருந்தனர். பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் இது மிகுதியாகக் காணப்பட்டது. உறவுப்பெயரைக் கொண்டு ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண இயலாது என்பதால், முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இயற்பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என வலியுறுத்தினார். பீகாரில் இதற்கெனக் கூடுதல் காலமும் தரப்பட்டது. எனினும் ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களுள் சுமார் 28 இலட்சம் பேரின் பதிவுகள் இறுதியில் நீக்கப்பட்டன.

பெயரை வெளியாரிடம் கூறாமை அப்பெண்களுக்கு ஒரு சமூக வழக்கு. அதனை இன்றைய பொருளில் தனியுரிமை எனக் கூறிவிட முடியாது. அவ்வழக்கில் ஆணாதிக்கத்தின் பங்கும் உண்டு. எனினும் தன்னைப் பற்றிய செய்தி ஒன்றை அரசுக்குத் தர மறுத்தவர் வாக்குரிமையை இழந்தார் என்பதே அதன் விளைவு. குடியரசின் முதல் பட்டியல் பெயரை வாக்குரிமைக்குரிய விலையாக ஆக்கிற்று எனலாம்.

கட்சிகளின் கையில் பட்டியல்

பட்டியல் வெளிப்படையாக இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் ஆகியோரின் பெயர்களைக் கண்டறிய அப்பகுதியை அறிந்தவர்களால்தான் இயலும். 1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வரைவுப் பட்டியலின் படிகளும் இறுதிப் பட்டியலின் படிகளும் விலையின்றி வழங்கப்படுகின்றன. கட்சிகள் பட்டியலைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளராகச் செயற்பட வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

நடைமுறையில் பட்டியல் வேறொரு பயனையும் அடைந்தது. தேர்தல் பணியாளர் பெயர்தோறும் குறியிட்டு, 'நம்மவர்', 'எதிரணியினர்', 'உறுதியற்றவர்' எனப் பிரித்தனர். பூத் சிலிப் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் வாக்காளரின் வீட்டு வாசலுக்குச் செல்ல ஒரு வாய்ப்பாயிற்று. பட்டியலின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 30 பெயர்கள் அமைவதால், பாரதிய ஜனதா கட்சி பக்கம் ஒன்றுக்கு ஒருவர் என 'பன்னா பிரமுக்' என்னும் பொறுப்பை உருவாக்கியது. இந்தியில் 'பன்னா' என்பது பக்கம் எனப் பொருள்படும். அச்சுப் பக்கமே கட்சி அமைப்பின் அலகாக மாறியமைக்கு இது சான்று.

பட்டியல் தாளில் இருந்தவரை இக்குறிப்புகள் தேர்தல் முடிந்ததும் பெரும்பாலும் பயனற்றுப் போயின. 1993இல் ஆணையிடப்பட்ட வாக்காளர் அடையாள அட்டை ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணைத் தந்தது. 1998இல் பட்டியல்களைக் கணினிமயமாக்கும் பணி தொடங்கியது. அதன்பின் பெயரையும் எண்ணையும் இணைத்து, அலைபேசி எண் முதலிய பிற செய்திகளையும் சேர்த்து, தேர்தலுக்குத் தேர்தல் வளரும் தொகுப்புகளை உருவாக்குதல் எளிதாயிற்று. 2022ஆம் ஆண்டு நவம்பரில் பெங்களூருவில், வாக்காளர் விழிப்புணர்வுக்கென மாநகராட்சியின் அனுமதி பெற்ற ஓர் அறக்கட்டளையின் பணியாளர் அரசு அலுவலர் போன்று வீடுகளுக்குச் சென்று செய்திகளைத் திரட்டினர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. திரட்டப்பட்டனவாகக் கூறப்பட்டவற்றுள் சாதியும் தாய்மொழியும் இருந்தன என்பது மொழியியலார் கருதத்தக்கது.

பெயர் உணர்த்துவன

இத்தகைய கூடுதல் செய்திகளைக் கேட்டுப் பெறாமலேயே பெயரிலிருந்து பலவற்றை உய்த்துணரலாம். இந்தியாவின் பல பகுதிகளில் குடும்பப்பெயர் சாதியையும் வட்டாரத்தையும் உணர்த்துகிறது. இயற்பெயர் பெரும்பாலும் சமயத்தைக் காட்டுகிறது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பெயர் ஒட்டுகளைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது. பெயரே சாதியின் அறிவிப்பாக இயங்குவதை அவ்வியக்கத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். தமிழகத்தில் இன்று பெயரொட்டு அருகிவிட்டபோதிலும், பட்டியலில் தந்தை பெயர், கணவர் பெயர், தெருப்பெயர், அடுத்த வீட்டார் பெயர் ஆகியவை ஒருசேரக் கிடைப்பதால் ஊகத்திற்கு இடமிருக்கிறது.

முற்காலத்தில் இவ்வூகத்தை உள்ளூர்ப் பணியாளர் தம் பட்டறிவால் செய்தனர். இன்று கணினி அதனைச் செய்யவல்லது. தெற்காசியப் பெயர்களிலிருந்து சமயத்தை நிகழ்தகவு முறையில் கணிக்கும் ஒரு முறையை ரஃபேல் சூசேவிண்ட் என்னும் ஆய்வாளர் 2015இல் வெளியிட்டார். அது சமூகவியல் ஆய்விற்கென உருவானது. ஆயின் அதே வகைக் கணிப்பு கட்சிகளுக்கும் எட்டக்கூடியதே. 325ஆம் உறுப்பு பட்டியலிலிருந்து விலக்கிய செய்தி, பெயர் என்னும் மொழிக்கூறு வழியாகக் கட்சிகளின் தொகுப்புகளுக்குத் திரும்பி வருகிறது என்பதே இங்குக் காணத்தகும் முரண்.

நீதிமன்றமும் ஆணையமும்

2017 ஆகஸ்டு 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே இக்கருத்து வாக்காளர் பட்டியலைத் தொட்டது. பட்டியலைச் சொல்தேடலுக்கு ஏற்ற எழுத்து வடிவில் தர வேண்டும் எனக் கமல்நாத் வழக்குத் தொடுத்தார். தேர்தல் ஆணையம் படவடிவிலேயே தர இயலும் என்றது. வாக்காளரின் தனியுரிமையும் செய்தித் திரட்டலின் இடரும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. 2018 அக்டோபர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் நிலைப்பாட்டை ஏற்றது. எழுத்து வடிவம் வேண்டுவோர் தம் சொந்த முயற்சியால் அவ்வாறு மாற்றிக்கொள்ளலாம் எனவும் கூறியது.

இத்தீர்ப்பில் ஒரு சிக்கல் உள்ளது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருளும் ஆள்வலிமையும் உடைய கட்சிக்குப் படவடிவம் பெருந்தடையன்று. தன் ஊர்ப்பட்டியலில் பிழை தேடும் தனிக்குடிமகனுக்கும் சிறிய கட்சிக்குமே அது தடையாகிறது. வெளிப்படைத்தன்மையின் தேவை 2025இல் மீண்டும் உணரப்பட்டது. பீகாரில் நடைபெற்ற சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அப்பெயர்களைக் காரணத்துடன், அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடத்தக்க வகையில் வெளியிடுமாறு 2025 ஆகஸ்டு 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. பெயர் மறைக்கப்பட்டால் நீக்கமும் மறைந்துவிடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கட்சிகளின் செய்தித் திரட்டலை ஆணையம் வேறு கோணத்திலும் அணுகியுள்ளது. தேர்தலுக்குப் பின் நலத்திட்டப் பயன் தரப்படும் எனக் கூறி, கணக்கெடுப்பு என்னும் பெயரில் வாக்காளர் விவரங்களைப் பதிவு செய்வதை நிறுத்துமாறு 2024 மே 2ஆம் நாள் அது கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. ஆயின் அதற்குக் கூறிய அடிப்படை, அச்செயல் கையூட்டுக்கு ஒப்பாகும் என்பதே. திரட்டப்பட்ட செய்தி யாருக்குரியது என்னும் வினா அங்கு எழவில்லை.

2023ஆம் ஆண்டுச் சட்டம்

எண்ணிம வடிவிலான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டு 11ஆம் நாள் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. முதன்மையான கடமைகள் அவ்வெளியீட்டிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. இச்சட்டத்தில் அரசியல் கட்சிகளுக்கெனத் தனி விலக்கு எதுவுமில்லை. ஆகவே கட்சி தானே திரட்டி எண்ணிம வடிவில் வைத்திருக்கும் அலைபேசி எண்களும் பிற விவரங்களும் இதன் ஆட்சிக்கு உட்படும்.

எனினும் மூன்று இடைவெளிகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, சட்டக் கடமையின்படி பொதுவில் வெளியிடப்பட்ட தரவு இச்சட்டத்தின் எல்லைக்குப் புறம்பானது. வாக்காளர் பட்டியல் அவ்வகையில் அடங்கும் என்று கொள்ள இடமுண்டு. இரண்டாவது, கையேட்டில் எழுதிய குறிப்பு கணினியில் ஏறும்வரை இச்சட்டத்திற்கு உட்படாது. மூன்றாவது, 2018ஆம் ஆண்டு ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவும் 2019ஆம் ஆண்டு மசோதாவும் சாதி, சமய நம்பிக்கை, அரசியல் சார்பு ஆகியவற்றைக் கூர்நுட்பமான தரவாகக் கருதித் தனிப் பாதுகாப்பு அளித்தன. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பாகுபாடு கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் அரசியல் கருத்தும் சமய நம்பிக்கையும் தனி வகைத் தரவாகப் போற்றப்படுதல் இதனுடன் ஒப்பிடத்தக்கது. பெயரிலிருந்து உய்த்துணர்ந்த சாதியை எவ்வாறு கருதுவது என்பது குறித்துச் சட்டம் வெளிப்படையாக எதுவும் கூறவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் பணி

ஒருவரின் இசைவைப் பெறும்போது, அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்பட வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. எனவே இவ்வுரிமை பெருமளவிற்கு மொழிபெயர்ப்பைச் சார்ந்து நிற்கிறது.

கலைச்சொற்களில் கவனம் தேவை. 'அந்தரங்கம்' என்பது மறைக்கத்தக்க செய்தியை மட்டும் உணர்த்துகிறது. பெயர் மறைபொருள் அன்று. ஆயினும் அதன் பயன்பாட்டில் உரியவர்க்கு உரிமை உண்டு. 'தனியுரிமை' என்பது ஒருவர்க்கு மட்டுமே வாய்த்த சலுகை எனப் பொருள்பட இடந்தருவதாயினும், உரிமை என்னும் கருத்தைத் தெளிவாகத் தாங்குகிறது. தரவு யாரைப் பற்றியதோ அவரைத் 'தரவு உரிமையாளர்' என்றால் உடைமைப் பொருள் தோன்றும். சட்டம் அவ்வுடைமையை வழங்கவில்லை. 'தரவுக்குரியவர்' என்பது பொருந்தும். 'சம்மதம்' என்பது தலையசைப்பையும் குறிக்கலாம். சட்டம் வேண்டுவதோ தெளிவான, நிபந்தனையற்ற, நோக்கம் அறிந்து தரும் இசைவு.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. இச்சட்டத்தின் ஆங்கில வடிவம், தனிநபரைப் பெண்பாற் சுட்டுப்பெயரால் குறித்து, அது எல்லாப் பாலினரையும் அடக்கும் என்கிறது. தமிழில் 'அவள்' என்றால் மரியாதை குறையும். 'அவர்' என்றால் மரியாதை நிற்கும், சட்டத்தின் புதுமை மறையும். விளக்கக் குறிப்பின் துணையின்றி இதனைத் தீர்த்தல் அரிது.

முடிவுரை

1951இல் பெயரைக் கூறாத பெண் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாள். இன்று அவளுடைய பேத்தி தயக்கமின்றிப் பெயரைத் தருகிறாள். அப்பெயர் வாக்குச்சாவடியில் அவளை அடையாளம் காட்டுவதற்காகப் பெறப்பட்டது. அவளுடைய சாதியையும் சார்பையும் கணிப்பதற்காகப் பெறப்பட்டதன்று. பட்டியலை மறைப்பது இதற்குத் தீர்வாகாது என்பதை 2025ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டுகிறது. பட்டியலை எந்நோக்கத்திற்குப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுத்தலும், பெயரிலிருந்து உய்த்துணரும் செய்தியையும் தனிநபர் தரவாக ஏற்றலுமே செய்யத்தக்கன. பெயர்கள் எவற்றை உணர்த்துகின்றன என்பதை ஆராய்ந்து உரைக்கும் பொறுப்பு பெயராய்வாளர்க்கு உண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை வாக்காளர் தம் மொழியில் படித்துப் பொருள் உணருமாறு செய்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.