தையல் மெஷினில் பிறந்த வாள்

ரொறன்ரோவிலுள்ள மல்வேர்ன் ஒருகாலத்தில் வயலும் பண்ணைகளுமாக இருந்த சிற்றூர். 1950களில் கனடிய மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் அந்தக் காணிகளைச் சுவீகரித்தது. ஆனாலும் 1972இல்தான் புது வீடுகளில் ஆட்கள் குடியேறினார்கள். இலங்கையில் 1983இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கட சனம் வந்து வீடு வாங்கத் தொடங்கியபோது, பல வீடுகளில் பேஸ்மென்ட் வெறும் சீமெந்துச் சுவரோடு கிடந்தது. வீட்டுக் கடன் கட்ட வேண்டுமென்றால் கீழே ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைக்க வேண்டும். கூலி கொடுத்து வேலை செய்விக்கக் காசு இல்லை. ஆகவே கடையில் வேலை செய்தவரும் கணக்கு எழுதியவரும் ஜிக்சோ என்கிற மின்வாளைப் பிடிக்கப் பழகினார்கள்.

நான் ஊரில் பெரியப்பாவிடம் தச்சு பழகியவன். உளி, கொட்டாப்புளி, சீவுளி, கைவாள், வளைவு வெட்ட மெல்லிய அலகு பூட்டிய ஒரு வில்வாள். அவ்வளவுதான் எங்கள் பட்டறை. முதிரைப் பலகையில் ஒரு கொடிவேலை வெட்டி எடுக்கப் பொழுது சாய்ந்துவிடும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லை. மின்வாளை யார் நினைத்துப் பார்த்தது?

அந்த வில்வாளின் வேலையை மின்சாரத்துக்கு மாற்றியவர் அல்பேர்ட் காஃப்மன். சுவிற்சர்லாந்தில் சின்டில்லா நிறுவனத்தில் பொறியியலாளர். 1946இல் மனைவியின் தையல் மெஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு வாள் அலகைப் பூட்டிப் பார்த்தாராம். அடுத்த ஆண்டே நிறுவனம் அதைக் கைக்கருவியாக்கி 'லெஸ்டோ' என்ற பெயரில் விற்றது. 1954இல் சின்டில்லா பொஷ் நிறுவனத்தின் கைக்குப் போனது. தையல் மெஷின் எங்களுக்கும் புதிதல்ல. அதை விற்கிற சிங்கர் கம்பனி 1877இலேயே கொழும்பில் கடை போட்டது. யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் அம்மாமார் மிதிக்காத மெஷினா? ஆனால் அதில் வாளைப் பூட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டா.

ஊசி ஏறி இறங்குவதை மனதில் வைத்தால் ஜிக்சோ பிடிபட்டுவிடும். சாதாரண அலகின் பற்கள் மேல்நோக்கி இருக்கும். அது ஏறும்போதுதான் வெட்டும். அதனால் பலகையின் மேற்பக்கம் சிராய் எழும்பும். லாமினேட் பலகையென்றால் நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்து வைத்து வெட்ட வேண்டும். அலகை முன்னும் பின்னும் ஆடவைக்கிற பொத்தானைப் பூச்சியத்தில் விட வேண்டும்.

பேஸ்மென்டின் நடுவே உத்தரத்தைத் தாங்கி நிற்கிற இரும்புத் தூண்தான் உண்மையான சோதனை. தூணின் இரு பக்கமும் வருகிற தரைப் பலகைகளில் ஒவ்வொன்றிலும் அரைவட்டம் கீறி, தூணைவிடச் சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டும். குளிரில் சுருங்கிக் கோடையில் விரிகிற பலகைக்கு அந்த இடைவெளி தேவை. வளைவில் அவசரப்பட்டுத் தள்ளினால் அலகு உள்ளே சாய்ந்துபோகும். மேலே வட்டம், கீழே கோணல். மெஷினில் துணியைத் தள்ளாமல் வழிகாட்டி விடுவது போலத்தான் இதுவும்.

நேர்கோட்டுக்கு வட்டவாளே நல்லது. ஆனால் ஒரே ஒரு மின்வாள்தான் வாங்க முடியுமென்றால் ஜிக்சோவை வாங்குங்கள். ஒன்று மட்டும்: இங்கே வாங்கியதை ஊரிலுள்ள தம்பிக்குப் பெட்டி கட்டி அனுப்பாதீர்கள். இங்கே 120 வோல்ட், அங்கே 230. மின்கலத்தில் ஓடுகிறதென்றால் சார்ஜரில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.